பத்மநாதனின் உருது

துபாயில் சில வருடங்கள் ஸ்ரோர் கீப்பராக இருந்த பத்மநாதனுக்கு உருதுவில் மூன்று வசனங்கள் நன்றாகத் தெரியும். சாமான் வரவில்லை என்பது ஒன்று. நாளைக்கு வா என்பது மற்றது. மூன்றாவது, பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்லக்கூடாத ஒரு வசவு. இந்த மூன்றையும் முதலாக வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் நூறு வருடத்துக்கு முந்திய உருது நாவல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரப் புறப்பட்டார்.

நாவலை அவர் கண்ணாலும் கண்டதில்லை. பாகிஸ்தானில் அதை ரிவி நாடகமாக எடுத்திருந்தார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதன் வீடியோக் கசெற்றுகள் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ஹலால் இறைச்சிக்கடைக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தன. ஆட்டிறைச்சி வாங்கப் போன பத்மநாதனிடம் கடைக்காரர், உங்களுக்கு இது விளங்காது, இது பழைய லக்னோ உருது என்று சொல்லிவிட்டார். பத்மநாதன் எதை வேண்டுமானாலும் பொறுப்பார், தனக்கு ஒன்று விளங்காது என்று மற்றவன் சொல்வதை மட்டும் பொறுக்கமாட்டார். இறைச்சியோடு கசெற்றும் ரூஜ் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேஸ்மென்ற்றில் சபை கூடியது. சபை என்று சொல்வது பத்மநாதனின் சொல். அதில் இருந்தவர்கள் அவருடைய மனைவி இராஜேஸ்வரி, அவருடைய அம்மா, பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி, கிளடிஸ் அன்ரி கூட்டிவந்த சில பெண்கள், பிறகு பத்மநாதனின் தங்கை நிலாணி. தமிழ்ப் படக் கசெற்றுகள் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்து முடித்துவிட்டவர்கள். குளிருக்கு வெளியே போகவும் வழியில்லை. றோல்ஸும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்றால் அவர்கள் சீன மொழியிலும் நாடகம் பார்த்திருப்பார்கள்.

பத்மநாதன் ரிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சபையைப் பார்த்து உட்கார்ந்து, ரிமோட்டைச் செங்கோல் மாதிரிப் பிடித்துக்கொண்டார். நாடகத்தைக் கொஞ்சம் ஓடவிடுவார். நிறுத்துவார். விளக்கம் சொல்லுவார். யாராவது கேள்வி கேட்டால், "பொறுங்கோ, இது ஆழமான உருது" என்று கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணுக்குள்ளே அவர் அகராதி புரட்டுகிறார் என்று சபை நினைத்தது. அந்தக் கண் மூடலைப் பார்க்கும்போதெல்லாம் நிலாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிலாணிக்கு முப்பத்துமூன்று வயது. விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் மிசிசாகாச் சமையற்கூடம் ஒன்றில் வேலை. அகதியாக முதலில் வந்து இறங்கியவள் அவள். அம்மாவையும் அண்ணன் குடும்பத்தையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவளும் அவள்தான். வந்து இறங்கிய அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குத் தலைவராகிவிட்டார். கூப்பிட்டவளை ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவது, டொக்டரிடம் கொண்டுபோவது, முழங்கால் வலிக்காரியை ஒவ்வொரு படியாக பேஸ்மென்ற்றுக்கு இறக்குவது, இந்த மாதிரி விஷயங்களில் மட்டும் நிலாணிக்குப் பூரண அதிகாரம் இருந்தது. அண்ணி இராஜேஸ்வரிக்கு அம்மாவின் இருமல் சத்தமே ஆகாது.

நாடகத்தின் கதை சிக்கலானது அல்ல. லக்னோவில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய மாளிகை. தகப்பன் செத்துப்போக, மூத்த மகள் சைனப் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பிமாரை வளர்க்கிறாள். அந்த வீட்டுக்கு பராஸ் என்று ஒரு ஏழை இளைஞன் வந்து வெளி அறையில் தங்குகிறான். அவன் யார் என்று கிளடிஸ் அன்ரி கேட்டார். பத்மநாதன் கண்ணை மூடினார். நாடகத்தில் சாச்சா, சாச்சா என்று அடிக்கடி கேட்டது. துபாய் முகாமில் கிழட்டுச் சமையல்காரனை எல்லோரும் சாச்சா என்று கூப்பிட்டதால், அது சித்தப்பாவைக் குறிக்கும் சொல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சித்தப்பான்ரை மகன்," என்றார் பத்மநாதன். "அப்ப என்ன முறை? சைனப்புக்கு அண்ணன். இது அண்ணன் தங்கச்சிக் கதை. பாசம் எண்டால் என்ன எண்டு இனித்தான் பாக்கப்போறியள்."

சபை தலையாட்டியது. ஆட்டாமல் என்ன செய்யும்? மாமன் மகன் என்றால் மச்சான், கட்டலாம். சித்தப்பா மகன் என்றால் கூடப்பிறந்தவன் மாதிரி. அவனைப் பற்றி வேறுவிதமாக நினைப்பதே பாவம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதில் சந்தேகம் வராது. உலகத்தில் வேறு முறைகளும் இருக்கலாம் என்று யோசிப்பதற்கு ஒரு சின்னக் கெட்டித்தனம் வேண்டும். அந்தப் பேஸ்மென்ற்றில் அதை எதிர்பார்ப்பது வீண்.

நிலாணிக்கும் அன்றைக்கு அது தெரியாது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளோடு வேலை செய்யும் சாஜிதாவிடம், அந்த அண்ணன் தங்கச்சி நாடகம் நன்றாயிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கராச்சிக்காரி சாஜிதா வாயில் வைத்த ரொட்டியை விழுங்காமல் அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எங்களில் சித்தப்பா மகனைக் கட்டலாம், நானும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன் என்றாள். நாவலை அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். சைனப்பும் பராஸும் ஒருவரை ஒருவர் விரும்புவார்கள், அவன் காசில்லாத பரதேசி என்று தம்பிமார் தடுப்பார்கள், கடைசியில் சைனப் சாவிக்கொத்தைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் பராஸைக் கட்டிக்கொண்டு போவாள் என்று முழுக் கதையையும் சொல்லி, முடிவில் தானே அழுதும்விட்டாள்.

நிலாணி வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் கத்துவார், அவ்வளவுதான். சொல்லாமல் இருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் தன்னைத் தானே புதைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளுக்குக் கிடைத்த வேறு எந்தப் பொழுதுபோக்கும் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. வேலைக்குப் போகும்போது காரில் அதை ரஜிதனுக்கு நடித்துக் காட்டுவாள்.

ரஜிதன் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை செய்தான். மட்டக்களப்பு ஆள். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு ஒரே காரில் போய்வந்து, கதைத்து, சிரித்து, இரண்டு வருடத்தில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். நிலாணிக்கு முழுச் சம்மதம். அண்ணனின் சம்மதம் அவளுக்குத் தூசு. அம்மா மட்டும் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல் இல்லாமல் தாலி ஏறினால் அது கழுத்தில் உறுத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ஞாயிறு, நாடகம் தொடங்குமுன், சபை வந்து சேருமுன், அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். இராஜேஸ்வரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"மட்டக்களப்போ? ஐயோ, அவையள் மருந்து போட்டு மயக்கிப் போடுவினமே! காருக்குள்ளை உனக்கு ஏதும் குடிக்கத் தந்தவனோ?"

"ஓம் அண்ணி. கோப்பி தந்தவர்," என்றாள் நிலாணி.

பத்மநாதன் கசெற்றை எடுத்துத் துடைத்தார். அம்மா மடியில் கிடந்த சால்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கிளடிஸ் அன்ரி கதவு மணியை அடித்துவிட்டார்.

அன்றிலிருந்துதான் பத்மநாதனின் பதில் வரத் தொடங்கியது. நேராக வரவில்லை. சைனப்பின் வாய் வழியாக வந்தது. சைனப் வேலைக்காரியைப் பார்த்து இரண்டு சொல் சொன்னாள். பத்மநாதன் நிறுத்தினார்.

"என்ன சொல்லுறாள் தெரியுமோ? 'என்ரை சந்தோசம் எனக்குத் தேவையில்லை. குடும்பத்தின்ரை மானம்தான் எனக்குச் சந்தோசம்.' ஆகா! என்ன வசனம்!"

சைனப் கேட்டது தண்ணீராக இருக்கவேண்டும். ஏனென்றால் வேலைக்காரி உடனே தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிறகு நிலாணி இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். சனிக்கிழமைகளில் அண்ணன் தனியாக பேஸ்மென்ற்றுக்குப் போய்க் கசெற்றை முன்கூட்டியே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சில காட்சிகள் வரும்போது ரிமோட்டை அமுக்கி விரைவாக ஓடவிட்டார். "இது சும்மா பாட்டு" என்றார். பராஸ் யார், அவன் சைனப்பைப் பார்க்கும் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முட்டாளாகத் தொடங்கியவர் கள்ளனாக முன்னேறியிருந்தார். முட்டாளைப் பார்த்துச் சிரிக்கலாம். கள்ளனை என்ன செய்வது? நிலாணி அவரை அருவருத்தாள். அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவவும் அவளுக்குக் கை கூசியது.

எல்லாக் காட்சியையும் ஓட்டிவிட முடியாதே. ஒரு நாள் பராஸ் வெற்றிலைக்குள் கடுதாசி மடித்து அனுப்பினான். சைனப் அதைப் படித்து அழுதாள்.

"வழக்குத் தோத்துப்போச்சாம்," என்றார் பத்மநாதன். "காணி வழக்கு."

"வழக்குத் தோத்ததுக்கு ஏன் தம்பி கடுதாசியைக் கொஞ்சுறாள்?" என்று கிளடிஸ் அன்ரி கேட்டார்.

"அண்ணன்ரை கையெழுத்தல்லோ அன்ரி."

கிளடிஸ் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றப் பெண்களும் துடைத்தார்கள். தன் சொந்த அண்ணன் ஜேர்மனியிலிருந்து ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டைகூடப் போடுவதில்லை என்று ஒருத்தி விசும்பினாள். நிலாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தாள். பாவம், இதுவும் நம்புகிறது என்று நினைத்து நிலாணி அம்மாவின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அம்மா என்ன சொல்றா?" என்று ரஜிதன் ஒவ்வொரு திங்களும் காரில் கேட்டான்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"நான் அவசரப்படுத்தயில்ல. நீங்க கேட்டதுக்கு அவ ஓம் எண்டும் சொல்லயில்ல, இல்லையெண்டும் சொல்லயில்ல. ஒரு தாய்க்கு அவ்வளவு யோசினை என்னத்துக்கு எண்டுதான் பாக்கன்."

"அண்ணை குழப்பி வைச்சிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அம்மா பயந்துபோனா. நாடகம் முடியட்டும்."

அப்படித்தான் அவள் உண்மையாகவே நம்பினாள். குற்றம் முழுவதும் அண்ணனின் வாயில் இருந்தது. அந்த வாயை ஒருநாள் எல்லோர் முன்னாலும் மூடிவிட்டால் அம்மாவுக்குத் தெளிந்துவிடும். கடைசிக் கசெற் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

கடைசிக் கசெற் வந்தது. அதற்குக் கடையில் அவ்வளவு போட்டி. சனிக்கிழமை பத்மநாதனுக்குக் கிடைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சபை வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் அதை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. நெற்றியில் வேர்வை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, இந்த மனிதருக்கு வேர்த்தது. நிலாணி நல்ல இடமாகப் பார்த்து, அண்ணனின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

மாளிகை முழுக்க விளக்கு. மேளம். பெண்கள் பாடுகிறார்கள். ஒருத்தி முகம் மூடி, தங்கச்சரிகைத் துணியில் அமர்ந்திருக்கிறாள்.

"ஆருக்குக் கலியாணம்?" என்றார் கிளடிஸ் அன்ரி.

பத்மநாதன் கண்ணை மூடினார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் மூடினார். "சைனப்பின்ரை தங்கச்சிக்கு."

"தங்கச்சி எங்கை இருந்து வந்தவள்? தம்பிமார்தானே?"

"முதலிலையே இருந்தவள் அன்ரி. நீங்கள் றோல்ஸ் சாப்பிட்ட நேரம் வந்திட்டுப் போனவள்."

மாப்பிள்ளையின் முகத்தில் தொங்கிய பூச்சரத்தை விலக்கினார்கள். பராஸ். மணப்பெண்ணின் முக்காட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்தார்கள். கண்ணாடியில் சைனப்பின் முகம் சிரித்தது.

"இயேசுவே!" கிளடிஸ் அன்ரி நெற்றியில் சிலுவை போட்டார். "அண்ணனையோ கட்டுறாள்?"

பேஸ்மென்ற் கலங்கிப்போனது. சீ என்றாள் ஒருத்தி. அங்கே இப்படியும் நடக்குமோ என்றாள் இன்னொருத்தி. இத்தனை கிழமையும் இதற்காகவா அழுதோம் என்று மூன்றாமவள் எழும்பியே விட்டாள். ஜேர்மனி அண்ணன்காரிக்கு முகம் கறுத்துப்போயிற்று. பத்மநாதன் ரிமோட்டை அமுக்கினார். அவசரத்தில் நிறுத்துவதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். மேளம் வீட்டை அதிரவைத்தது.

இப்போது அவருக்கு இருந்தவை இரண்டே வழிகள். தனக்கு உருது தெரியாது என்று ஒத்துக்கொள்ளலாம். அல்லது சைனப் அண்ணனைக் கட்டிவிட்டாள் என்று விட்டுவிடலாம். பத்மநாதன் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைக் கண்டுபிடித்தார். அந்த மாதிரி ஆட்களுக்கு மூன்றாவது வழி ஒன்று எப்போதும் கிடைக்கும்.

"கனவு!" என்று கத்தினார். "இது கனவு. அவளுக்குக் கடும் காய்ச்சல். சாகக் கிடக்கிறாள். காய்ச்சலிலை கண்டதும் கடியதும் தெரியுது."

திரையில் சைனப் எழுந்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். பல்லக்கில் ஏறினாள். நாலு பேர் தூக்கினார்கள்.

"பாருங்கோ," என்றார் பத்மநாதன். ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "செத்துப்போனாள். தூக்கிக்கொண்டு போகினம். சகோதரங்களுக்காகக் கடைசிவரை கட்டாமலே போய்ச் சேந்திட்டாள். இதுதான் பொம்பிளை."

"செத்தவள் ஏன் தம்பி பல்லக்குக்குள்ளை இருந்து சிரிக்கிறாள்?"

"புண்ணியம் செய்தவள் அன்ரி. சிரிச்ச முகத்தோடை போறாள்."

நிலாணி எழுந்து போய் ரிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அவள் சாகேல்லை," என்றாள். "கலியாணம் கட்டிக்கொண்டு போறாள். சித்தப்பான்ரை மகனைக் கட்டுறது அவையளுக்கு முறை. என்னோடை வேலை செய்யிற பாகிஸ்தான் பிள்ளை முதல் கிழமையே முழுக்கதையும் சொன்னவள். அண்ணைக்கு உருது தெரியாது. அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. தன்ரை தங்கச்சியை வீட்டோடை கட்டிப்போடுறதுக்கு ஊர்பேர் தெரியாத ஒருத்தியைச் சாக்காட்டினவர். வெக்கமில்லையே அண்ணை உங்களுக்கு?"

பத்மநாதன் வாயைத் திறந்தார். தமிழ்கூட வரவில்லை.

"மருந்துதான்," என்றாள் இராஜேஸ்வரி. "அந்தக் கோப்பியேதான்."

சபை கலைந்தது. கிளடிஸ் அன்ரி போகும்போது, "அப்ப அவையளுக்கு முறைதானே, பிழையில்லைத்தானே?" என்று நிலாணியிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, நிம்மதியாகப் போனார். பத்மநாதன் வந்தவர்களின் சப்பாத்துக்களை எடுத்துக்கொடுக்கப் போவதுபோல மேலே போய்விட்டார். இராஜேஸ்வரி பின்னால் போனாள்.

பேஸ்மென்ற்றில் அம்மாவும் நிலாணியும் மட்டும். நிலாணி வென்றுவிட்டாள். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள்.

"பாத்தியளே அம்மா? எல்லாம் பொய். இவ்வளவு நாளும் உங்களை ஏமாத்தினவர்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"அவன் அண்ணன் இல்லையெண்டு. ஒருநாள் அவள் குடிச்சிட்டு வைச்ச கிண்ணத்தை எடுத்து, அவள் வாய் வைச்ச பக்கமாத் திருப்பி வைச்சு அந்தப் பொடியன் குடிச்சவன். அண்ணன் அப்பிடிக் குடிப்பானே? எனக்கு உருது வேணுமோ அதுக்கு?"

நிலாணிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உடனே நின்றது.

"அப்ப ஏன் அம்மா பேசாமல் இருந்தனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் எவ்வளவு நாளாக் காத்துக்கொண்டு நிக்கிறன்."

அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மேலே இராஜேஸ்வரி அலுமாரிக் கதவுகளை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ரை அண்ணன் சொன்ன கதைதான் எனக்குப் பிடிச்சிருந்தது பிள்ளை," என்றாள். "அதிலை அவள் வீட்டிலையே இருந்தாள்."

அண்ணன்மீது வைத்திருந்த அருவருப்பில் ஒரு துளியை நிலாணி அம்மாவுக்காகத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. அழுகைதான் வந்தது. அம்மாவின் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். அம்மா தலையைத் தடவினாள். ஓம் என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு நிலாணி முகத்தைத் துடைத்து, அம்மாவை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, கட்டிலில் இருத்தி, குசினிக்குப் போய் அண்ணிக்கு முன்னாலேயே ரஜிதனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அம்மா சொல்லிப்போட்டா," என்றாள்.

"என்ன சொன்னவ?"

"போகாதை எண்டு," என்றாள் நிலாணி. "எண்டாலும் நீங்கள் கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."